கதிரவனுக்குக் காத்திருந்த தை

நுழையும்முன்

கல்வி, பணி, பாதுகாப்பு எனப் பல காரணங்களால் கடல் கடந்த தமிழர்கள், வெவ்வேறு நிலங்களில் வேரூன்றி வாழ்கின்றனர். வெயில் நிலத்தில் பிறந்த ஒருவர், பல வாரங்கள் கதிரவனே தோன்றாத ஊரில் வாழ நேர்ந்தால் அவருடைய அன்றாட வாழ்வு எவ்வாறு அமையும்? பொங்கல் திருநாளை அவர் எவ்வாறு கொண்டாடுவார்? நார்வே நாட்டின் வடபகுதியில் பணிபுரிந்த தமிழர் ஒருவரின் பனிக்காலப் பட்டறிவை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

என் ஊர் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ளது. மழையை எதிர்நோக்கி வானத்தைப் பார்க்கும் ஊர் அது. வெயில் வருமா என்று வானத்தைப் பார்த்தவர் எவரும் அங்கில்லை. கடலாய்வுப் பணி கிடைத்து, மனைவியுடனும் ஏழு வயது மகளுடனும் நார்வேயின் ட்ரோம்சோ நகரில் குடியேறிய பின்னர்தான், வெயிலை எதிர்நோக்கி வானத்தைப் பார்க்கும் மக்களைக் கண்டேன். அடுத்த ஆண்டே அவர்களுள் ஒருவனாக நானும் ஆனேன்.

துருவ இரவு

ட்ரோம்சோ, ஆர்க்டிக் வட்டத்திற்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர் வடக்கே ஒரு தீவில் அமைந்த நகரம். புவியின் அச்சு ஏறத்தாழ 23.4 பாகை சாய்ந்திருப்பதால், குளிர்காலத்தில் வடமுனைப் பகுதி கதிரவனை விட்டு விலகி நிற்கிறது. நவம்பர் இறுதியில் தொடுவானத்திற்குக் கீழே இறங்கும் கதிரவன், சனவரி நடுப்பகுதிவரை அங்கு மேலெழுவதில்லை. இதனைத் துருவ இரவு என்பர். ‘இருள்காலம்’ என்பது அவ்வூரார் வழக்கு.

அது முற்றிருள் அன்று. நண்பகலையொட்டிச் சில மணி நேரம் தென்வானில் மெல்லிய ஒளி கசியும். பனி மூடிய மலைகளும் கூரைகளும் நீலம் பூத்து நிற்கும். பிற்பகல் இரண்டு மணிக்கெல்லாம் அந்த நீலமும் கரைந்துவிடும். முதலாண்டுக் குளிர்காலத்தில் என் மனைவிக்கு இரவில் உறக்கம் வரவில்லை. பகலில் விழிப்பு வரவில்லை. “காலையா, மாலையா?” என்று கடிகாரத்தைப் பார்த்து அவர் கேட்ட குரல் இன்னும் என் நினைவில் உள்ளது.

பனிக்குப் பழகுதல்

நம் முன்னோர் ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் இரண்டு, முன்பனியும் பின்பனியும். புல்நுனியில் நிற்கும் துளியும், விடியலில் வயல்மீது படரும் மூட்டமும் நமக்குப் பனியே. வானிலிருந்து பஞ்சாய் உதிர்வதையும், சாலையில் கண்ணாடியாய் உறைந்து கிடப்பதையும் அதே சொல்லால்தான் நாங்கள் சுட்டினோம். அவ்வட்டாரத்தின் பழங்குடியினரான சாமி மக்களின் மொழியிலோ, பனியின் தன்மைக்கு ஏற்பத் தனித்தனிச் சொற்கள் ஏராளம். கலைமான் மேய்ப்பவருக்கு, காலடியில் கிடப்பது எவ்வகைப் பனி என்பது வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட அறிவாகும்.

அந்த அறிவின் அரிச்சுவடியை எங்களுக்குக் கற்பித்தவர், கீழ்த்தளத்தில் குடியிருந்த ஒரு மூதாட்டி. வழுக்கி விழுந்து கை வீங்கி நின்ற என்னிடம், காலணியின் அடியில் மாட்டிக்கொள்ளும் முள்பட்டை ஒன்றைக் கொடுத்தார். பருத்தி ஆடை வியர்வையை உறிஞ்சி உடலைக் குளிரச் செய்யும். எனவே, தோலை ஒட்டி அணிவது கம்பளி உள்ளாடையாக இருக்கவேண்டும் என்றார். வாகன ஓட்டிகளின் கண்ணில் படும்படி மகளின் பையில் ஒளி எதிரொளிக்கும் பட்டையைத் தொங்கவிட்டார். காட் மீனின் ஈரலிலிருந்து எடுக்கப்படும் எண்ணெயை நாள்தோறும் ஒரு கரண்டி பருகச் சொன்னார். வெயில் நம் தோலில் உண்டாக்கும் வைட்டமின் டி சத்து, அவ்வெண்ணெயில் நிறைந்துள்ளது. பெயரில் ‘ர்’ ஒலி வரும் மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரையில், அதனை அருந்துவது அந்நாட்டு வழக்கம்.

யாருக்குப் படைக்கிறோம்?

இரண்டாம் குளிர்காலம் வந்தது. பணி ஒப்பந்தத்தை நீட்டிப்பதா, ஊர் திரும்புவதா என்பதைச் சனவரி இறுதிக்குள் நான் தெரிவிக்க வேண்டியிருந்தது. வீட்டில் அதுபற்றி எவரும் வாய்திறக்கவில்லை. அந்நிலையில் பொங்கல் வந்தது.

மின்னடுப்பில் பால் பொங்கியது. கரும்பு இல்லை, மஞ்சள் கொத்து இல்லை. தென்கிழக்குச் சன்னலின் ஓரத்தில் வாழையிலைக்கு மாற்றாகத் தட்டினை வைத்துப் பொங்கலிட்டோம். சன்னலுக்கு வெளியே இருள். தட்டையும் வானத்தையும் மாறிமாறிப் பார்த்த மகள் கேட்டாள்: “அப்பா, சூரியனே இல்லையே! யாருக்குப் படைக்கிறோம்?”

என்னிடம் விடையில்லை. ஒரு கிண்ணத்தில் பொங்கலை எடுத்துக்கொண்டு கீழ்த்தளத்திற்குச் சென்றேன். செய்தி கேட்ட மூதாட்டி வியந்தார். “கதிரவன் எங்கள் ஊருக்கு 21ஆம் நாள்தான் வரும். நீங்கள் ஒரு வாரம் முந்திவிட்டீர்கள்” என்று சிரித்தார்.

கரையோரக் கப்பலில்

அந்த வார இறுதியில் வடக்கு நோக்கிப் பயணம் செய்தோம். நார்வேயின் மேற்குக் கரையிலுள்ள பெர்கன் நகரையும், உருசிய எல்லைக்கு அருகிலுள்ள கிர்க்கனஸ் நகரையும் இணைக்கும் கரையோரக் கப்பல் சேவை, 1893ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. பயணியரையும் சரக்குகளையும் சுமந்து 34 துறைமுகங்களைத் தொட்டுச் செல்லும் அவ்வழியில், மாலையில் ட்ரோம்சோவில் ஏறினால் மறுநாள் நண்பகலுக்குள் ஹோனிங்ஸ்வோக் என்னும் சிற்றூரை அடையலாம்.

இவ்வளவு வடக்கே, கடுங்குளிர் காலத்தில், துறைமுகங்கள் எவ்வாறு உறையாமல் இருக்கின்றன? வெப்பமண்டலக் கடற்பரப்பில் கதிரவனிடம் பெற்ற வெம்மையை, வளைகுடா நீரோட்டமும் அதன் தொடர்ச்சியான வட அட்லாண்டிக் நீரோட்டமும் நார்வேயின் கரைவரை சுமந்து வருகின்றன. கடலாய்வு நூல்களில் நான் பலமுறை படித்த செய்திதான் இது. அன்றிரவு கப்பலின் மேல்தளத்தில் நின்று கறுத்த நீரைப் பார்த்தபோது, அது எனக்குப் புதிய செய்தியாயிற்று.

சற்று நேரத்தில் வானில் பச்சைநிறத் திரையொன்று அசைந்தது. கதிரவனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்கள், புவியின் காந்தப்புலத்தால் துருவப் பகுதிகளுக்கு ஈர்க்கப்பட்டு, வளிமண்டல உயிர்வளியுடன் மோதுவதால் அப்பச்சை ஒளி பிறக்கிறது. மகளைத் தூக்கிக்கொண்டேன். “இந்தக் கடலைச் சூடாக்கியது யார், தெரியுமா? அந்த ஒளியை அனுப்பியது யார்?” என்று கேட்டேன். நான் சொன்னவற்றைக் கேட்டுச் சிறிதுநேரம் எண்ணியவள், “அப்படியானால் சூரியன் ஒளிந்துகொண்டு வேலை செய்கிறதா?” என்றாள்.

பனிச்சாலையில் அணிவகுப்பு

ஹோனிங்ஸ்வோக்கிலிருந்து நூர்காப் முனைக்குப் பேருந்தில் சென்றோம். கடலிலிருந்து 307 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்கும் அப்பாறைமுனை, வடக்கில் 71 பாகைக்கும் மேற்பட்ட குறுக்குக்கோட்டில் உள்ளது. குளிர்காலத்தில் அதன் இறுதி 13 கிலோமீட்டர் தொலைவை எவரும் தனித்துக் கடக்க இயலாது. சாலையின் குறுக்கே தடுப்பு இருக்கும். குறித்த நேரத்தில் பனியகற்றும் ஊர்தி முன்னே செல்ல, காத்திருந்த வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதனைத் தொடரவேண்டும், முந்தக்கூடாது, திரும்பக்கூடாது. வழியில் நிற்க நேர்ந்தாலும் ஊர்தியைவிட்டு இறங்கக்கூடாது.

காற்றில் பனி சுழன்றது. சாலையோரம் நடப்பட்டிருந்த உயர்ந்த கோல்களும், முன்சென்ற வண்டியின் சிவப்பு விளக்கும் தவிர வேறெதுவும் தென்படவில்லை. அவ்விளக்கினை ஓட்டியவர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் அவருக்கு முன்னே ஒரு விளக்கு இருந்தது.

குளிரில் வேர்விட்டவர்

ஊருக்குத் திரும்பியபின், துறைமுகத்தருகே ஒரு கடையில் எங்கள் பேச்சைக் கேட்ட முதியவர் ஒருவர் அருகில் வந்தார். “தம்பி, நீங்கள் எந்த ஊர்?” என்றார். யாழ்ப்பாணக் கரையோரச் சிற்றூரில் பிறந்தவர் அவர்.

நார்வேக்கும் யாழ்ப்பாணத்திற்கும் உள்ள உறவு நெடியது. 1956ஆம் ஆண்டு நார்வேக்குச் சென்ற அந்தோனி இராஜேந்திரம், மீன்பிடித் தொழில்நுட்பத்தைக் கற்றார். 1967இல் உருவான ‘சீநோர்’ அமைப்பின் வழியாக அத்தொழிலை யாழ்ப்பாணக் கரையில் வளர்த்தார். பின்னர் இளைஞர் பலர் கல்விக்காக நார்வே சென்றனர். 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப்பின் அடைக்கலம் தேடிச் சென்றோர் மிகுந்தனர். பின்மார்க் எனப்படும் வடகரையின் மீன் பதப்படுத்தும் ஆலைகளில் அவர்களுள் பலர் வேலை செய்தனர்.

அந்த முதியவரும் அவ்வாறு வந்தவரே. தம் இல்லத்திற்கு அழைத்துச் சென்று, பிட்டும் காட் மீன் குழம்பும் பரிமாறினார். “வந்த முதல் வருசம், ‘இரவு எப்ப முடியும்?’ எண்டு கேட்டனான். ‘தை மாசக் கடைசியில’ எண்டு சொல்லிச் சிரிச்சாங்கள். அண்டைக்கு அழுதனான். இப்ப புதுசா வாற ஆக்களுக்கு நானே அதைச் சொல்லிச் சிரிக்கிறன்” என்றார். நண்பர்கள் பலரும் தெற்கே ஓஸ்லோவுக்குச் சென்றுவிட்டபோதும் அவர் மட்டும் ஏன் தங்கிவிட்டார் என்று என் மனைவி கேட்டார். “இதுவும் கடல்தானே, பிள்ளை. குளிர்தான் கொஞ்சம் கூட” என்று மட்டும் சொன்னார்.

கதிரவன் திரும்பும் நாள்

துருவ இரவு சனவரி நடுவில் முடிந்தாலும், தெற்கிலுள்ள மலைகள் மறைப்பதால் ட்ரோம்சோ நகரில் கதிரவனை உடனே காண இயலாது. சனவரி 21ஆம் நாளையே மக்கள் ‘கதிரவன் நாள்’ எனக் கொண்டாடுகின்றனர். ‘கதிரவன் அப்பம்’ எனப்படும் இனிப்பு அப்பங்களை உண்டு மகிழ்கின்றனர்.

அன்று நண்பகலில், அண்டை வீட்டார் அனைவரும் தெற்கு நோக்கி நின்றோம். மலைகளுக்கு மேலே மேகம் திரண்டிருந்தது, சிறிது சிவந்தது, மீண்டும் வெளுத்தது. கதிரவன் தோன்றவில்லை. ஆயினும் எவரும் முகம் சுளிக்கவில்லை. நான் பொங்கல் கொடுத்த கிண்ணத்தில் அப்பங்களை நிரப்பி, மூதாட்டி எங்களிடம் நீட்டினார். என் மனைவி அதனை வாங்கிக்கொண்டே, “அடுத்த ஆண்டு தெளிவாகத் தெரியும்” என்றார். ஒப்பந்தத்திற்குரிய விடை எனக்குக் கிடைத்துவிட்டது.

“சூரியனைக் காணவில்லையே, அப்பம் சாப்பிடலாமா?” என்று மகளிடம் கேட்டேன்.

“சாப்பிடலாம் அப்பா. அது வந்துவிட்டது. மேகத்துக்குப் பின்னால் வேலை செய்கிறது” என்றாள்.

தெரிந்து தெளிவோம்

ட்ரோம்சோவில் மே நடுப்பகுதி முதல் சூலை இறுதிவரை கதிரவன் மறைவதே இல்லை. நள்ளிரவிலும் வெயில் காயும் இக்காலத்தை ‘நள்ளிரவுக் கதிரவன்’ காலம் என்பர்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊரிலிருந்து அயல்நாடு சென்று வாழும் ஒருவரிடம், அங்கு அவர் எதிர்கொண்ட முதல் பருவமாற்றம் குறித்து உரையாடி ஒரு பக்கக் கட்டுரை எழுதுக.
2. மழை, வெயில், காற்று ஆகியவற்றைக் குறிக்க உங்கள் வட்டாரத்தில் வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

மதிப்பீடு

குறுவினா: நார்வேயின் வடபகுதித் துறைமுகங்கள் குளிர்காலத்திலும் உறையாதிருப்பதன் காரணம் யாது?

சிறுவினா: “அவருக்கும் அவருக்கு முன்னே ஒரு விளக்கு இருந்தது” – இத்தொடர் புலம்பெயர் வாழ்வுக்குப் பொருந்துமாற்றை விளக்குக.

நெடுவினா: மகளின் வினாவிற்கு இயற்கையும் மனிதர்களும் விடையளித்த வகையினைப் பாடப்பகுதி வழி நின்று எழுதுக.