விளைநிலத்தை மனையாக்கும் முன்

எழுமலை போன்ற பேரூராட்சிகளில் சாலையோரப் புன்செய்க்குத் தரகர்கள் விலை பேசுவது புதிதல்ல. மழை பொய்த்த ஆண்டில் அந்தப் பேச்சு விவசாயிக்கு இனிக்கத்தான் செய்யும். நிலத்தை விற்பது அவரவர் உரிமை. ஆனால் விளைநிலத்தை விளைநிலமாகவே விற்பது வேறு, கல் நட்டு மனைகளாகப் பிரித்து விற்பது வேறு. பின்னதற்கு அனுமதி வேண்டும்.

1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் இதற்கு அடிப்படை. பெருந்திட்டம் வகுக்கப்படாத ஊர்களில் விளைநிலத்தை வேறு உபயோகத்திற்கு மாற்றுவதற்கும் 2017-இல் தனி விதிகள் வந்தன. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் இசைவு இல்லாமல் மாற்ற முடியாது. ஊர்ப் பெரியவர் யாராவது "பார்த்துக் கொள்ளலாம்" என்று சொன்னால் அது அனுமதியாகாது.

அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அதன்பின் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவும் சார்பதிவாளரின் கையைக் கட்டிவிட்டது. ஏற்கெனவே மனையாகப் பதிவானதற்கே மறுபதிவுக்கு வழி உண்டு. பழைய மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017 விதிகளும் 2016 அக்டோபர் 20-க்குப் பின் பிரித்தவற்றுக்குப் பொருந்தா.

இங்கேதான் சிறு விவசாயி சிக்குகிறார். தரகர் கொஞ்சம் முன்பணம் கொடுத்து, பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாங்கிக் கொள்கிறார். மனைக்குப் பணம் கட்டியவர்கள் பத்திரம் கிடைக்காதபோது தரகரைத் தேடிச் சலித்து, பட்டாவில் பெயர் உள்ளவர் வாசலுக்கே வருவார்கள். நிலமும் உழவுக்கு ஆகாமல், மனைக்கும் ஆகாமல் கிடக்கும்.

அடுத்தது தண்ணீர். மலையடிவாரத்து மழைநீர் ஓடைகளின் வழியாகவே கண்மாய் சேருகிறது. ஆண்டில் பல மாதம் வறண்டு கிடப்பதால் ஓடையை மண் கொட்டி மேடாக்குவது எளிது. பிறகு ஒரு கனமழையில் கண்மாய்க்குப் போக வேண்டிய நீர் பக்கத்துக் காட்டில் தேங்கிப் பயிரை அழுகச் செய்யும். கீழே கண்மாயை நம்பிய நஞ்சையோ காயும். ஆகவே சர்வே எண்ணின் புல வரைபடத்தை வாங்கி ஓடை, வாய்க்கால், வண்டிப்பாதை எங்கெங்கே போகின்றன என்று பார்க்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் புறம்போக்கு விவரம் தெரியும். ஓடைப் புறம்போக்கை மனைக்குள் சேர்த்துக் காட்டியிருந்தால் அந்தப் பேரத்தை அத்தோடு விடுவதே நல்லது.

முறைப்படி செய்தாலும் நிலம் முழுவதும் மனையாகாது. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 2 ஏக்கர் 47 சென்ட்டுக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும். 5 ஏக்கரில் சாலைக்கு 1 ஏக்கர் போனால், மீதி 4 ஏக்கரில் 40 சென்ட் திறந்தவெளி. சாலைகளையும் தானப் பத்திரம் மூலம் கொடுத்துவிட வேண்டும். ஏக்கர் விலை பேசும்போதே இந்தக் கழிவையும் யார் தலையில் ஏற்றுவது என்பதைப் பேசிக்கொள்ள வேண்டும்.

அனுமதி வாங்கிவிட்டதாகத் தரகர் சொன்னால், அனுமதி எண்ணையும் முத்திரையிட்ட வரைபடத்தையும் கேட்டு வாங்கி, அவை சரிதானா என்று பேரூராட்சி அலுவலகத்தில் காட்டித் தெரிந்துகொண்ட பிறகே கையெழுத்துப் போடலாம்.