வருடத்தைப் பார்க்காதீர்கள், கிலோமீட்டரைப் பாருங்கள்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியில் குடியிருந்துகொண்டு குருபரப்பள்ளி சிப்காட்டுக்குக் காரில் வேலைக்கு வருகிறவர், போக வர சுமார் 120 கிலோமீட்டர் ஓட்டுகிறார். மாதம் 25 நாள் என்றால் வருடத்துக்கு 36,000. மாருதி சுஸுகி 2024 ஜூலை முதல் புதுக் கார்களுக்குத் தரும் வாரண்டி 3 வருடம் அல்லது 1,00,000 கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை. இவருக்கு அது இரண்டே முக்கால் வருடத்தில் தீர்ந்துவிடும்.

காசு கட்டி 6 வருடம், 1,60,000 கிலோமீட்டர் வரை அதை நீட்டிக்கலாம். ஷோரூமில் "ஆறு வருஷம் கவலையே இல்லை சார்" என்பார்கள். இவருக்குக் கிடைப்பது சுமார் நாலரை வருடம்தான். இருந்தாலும் வாங்கச் சொல்வேன்: ஏசி கம்ப்ரசர், கியர்பாக்ஸ், ஈசிஎம் என்கிற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கணினி, பவர் ஸ்டீயரிங் இவற்றில் ஒன்று போனாலும் சம்பளத்தில் பெரும் பங்கு போய்விடும். ஓசூரிலிருந்து வருகிறவர் ஓட்டுவது வருடத்துக்கு 24,000-க்குள். அவருக்கு ஆறு வருடமும் முழுசாகப் பயன்படும். கிருஷ்ணகிரிக்காரர் ஓட்டுவது குறைவு. அவசரப்பட வேண்டாம், ஆனால் பழைய வாரண்டி முடியும் முன்பே முடிவெடுங்கள்.

கிளட்ச் பிளேட், பிரேக் பேட், டயர் போன்ற தேயும் சாமான்கள் இதில் வராது. மேலுமலைக் கணவாயில் லாரி இடித்தால் அது இன்சூரன்ஸ் விவகாரம். மழைநீர் புகுந்து இன்ஜின் போனாலும் அப்படித்தான். அதற்கு இன்சூரன்ஸில் இன்ஜின் பாதுகாப்பு ஆட்-ஆன் தனியாக எடுத்திருக்க வேண்டும்.

இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. வெள்ளை போர்டு காரில் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றி, மாசத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிறார்கள். அது பெர்மிட் இல்லாத வாடகை ஓட்டம். போலீஸ் பிடிப்பது ஒரு பக்கம். வாடகைக்கு ஓட்டியது தெரிந்தால் வாரண்டியையும் மறுக்கலாம். அந்தச் சில்லறை வருமானத்துக்காகக் காரைப் பணயம் வைக்காதீர்கள்.

10,000 கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால், 36,000 ஓட்டுகிறவர் மூன்றேகால் மாதத்துக்கு ஒருமுறை விட வேண்டும். நைட் ஷிஃப்ட் அசதியில் தள்ளிப்போட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் ஆயில் மாற்றிவிட்டால் கம்பெனியின் கணக்கில் அந்த சர்வீஸ் ஏறாது. பிறகு கிளெய்ம் கேட்கும்போது முதலில் அதைத்தான் காட்டுவார்கள். வாரவிடுமுறையில் ஓசூரிலோ கிருஷ்ணகிரியிலோ முன்கூட்டியே ஸ்லாட் போடுங்கள், பில்லை போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளெய்மை மறுத்தால் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். காரணத்தை ஜாப் கார்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்து புகார் பதியுங்கள். தீரவில்லையென்றால் கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம்.