குரல் மின்சாரமாவது எவ்வாறு?

திருவண்ணாமலைக் கார்த்திகை தீபத்தன்று, மலையுச்சியின் சோதியைத் தரிசிக்க ஜனங்கள் கடலெனத் திரளுகின்றனர். அக்கூட்டத்தில் கைநழுவிய குழந்தையைத் தாய் எத்துணை உரக்கக் கூவினும், அவள் குரல் சில கெஜ தூரத்திற்கு அப்பால் எட்டாது. அக்குழந்தையின் அடையாளங்களை ஒருவர் ஒலிவாங்கியின் முன் நின்று நிதானமாகச் சொன்னாலோ, வீதி முழுவதும் கேட்கும். கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபையிலும், கடைசி வரிசையில் அமர்ந்த அங்கத்தினர் வரவு செலவுக் கணக்கைத் தெளிவாகக் கேட்டறிய இக்கருவி உதவும். ஆகவே இதன் தன்மையை யாவரும் அறிதல் நலம்.

சப்தமென்பது காற்றின் அதிர்ச்சியே. தவிலை அடித்தால் அதன் தோல் அதிர்கிறது. அவ்வதிர்ச்சி காற்றின் வழியே வந்து நமது செவிப்பறையை அசைக்கிறது. ஒலிவாங்கியினுள்ளும் செவிப்பறை போன்ற மெல்லிய தகடு ஒன்று உண்டு. கூட்டங்களில் பெரிதும் வழங்கும் வகையில், அத்தகட்டின் பின்புறம் நுண்ணிய கம்பிச்சுருள் ஒன்று ஒட்டப்பெற்று, காந்தத்தின் இடைவெளியில் நிற்கும். பேசுங்கால் தகடு முன்னும் பின்னும் அசைய, சுருளும் உடன் அசையும். காந்தத்தினருகே கம்பிச்சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் பிறக்குமென்பதை 1831-ம் வருஷத்தில் மைக்கேல் பாரடே என்னும் ஆங்கில விஞ்ஞானி கண்டறிந்தார். குரல் வினாடிக்கு 200 முறை அதிர்ந்தால், மின்சாரமும் வினாடிக்கு 200 முறை முன்னும் பின்னும் ஓடும். 1938 ஜூன் 16-ந் தேதி தொடங்கிய சென்னை வானொலி நிலையத்தின் பேச்சும் பாட்டும் கிராமங்களை எட்டியதற்கும், குரல் இவ்வாறு மின்சாரமாக மாறியதே முதற்படி.

ஆயினும், ஒலிவாங்கி தானாகக் குரலைப் பெரிதாக்குவதில்லை. அதில் பிறக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கேயாகும். அதனை மிகுவிப்பது பெருக்கி. ஒலிபெருக்கியோ அம்மின்சாரத்தைக் கொண்டு வேறொரு சுருளையும் அகன்ற தாளையும் அசைத்து, மீண்டும் சப்தமாக்குகிறது.

இதிலிருந்து மூன்று விதிகள் விளங்கும். முதலாவது, வாய்க்கும் கருவிக்கும் ஒரு சாண் இடைவெளி போதும். திறந்த வெளியில் தூரம் இருமடங்கானால் கருவியை எட்டும் குரல் ஏறக்குறையப் பாதியாகும். இரண்டாவது, ஒலிபெருக்கியின் சப்தம் ஒலிவாங்கியில் திரும்பவும் புகுந்தால், சுற்றிச் சுற்றிப் பெருகி ஊளையிடும். ஆதலின் ஒலிபெருக்கிகளைப் பேசுவோருக்கு முன்புறமாக, ஜனங்களை நோக்கி வைத்தல் வேண்டும். மூன்றாவது, கருவியைத் தட்டியும் ஊதியும் சோதித்தல் ஆகாது. மெல்லிய தகடு பழுதாகும்.

குழறிய சொல் உள்ளே சென்றால், குழறலே பெரிதாக வெளிவரும். எனவே காணாமற்போன குழந்தையின் பெயர், வயது, உடையின் நிறம், பெற்றோர் வரவேண்டிய இடம் ஆகியவற்றை மெதுவாக, இருமுறை சொல்லுதல் வேண்டும். தாயின் செவிக்குத் தெளிவாக எட்டும் சொல்லே பிள்ளையை அவளிடம் சேர்ப்பிக்கும்.