ஒரு கம்பெனி போனுக்கு இன்னொரு கம்பெனி இயர்பட்ஸ் சேருமா?
சில்லறைக் கடைக்காரர்கள் அறிய வேண்டிய பாடம்



செல்போன் கடையில் மட்டுமல்ல, ஃபேன்சி ஸ்டோர், வாட்ச் கடை, எலக்ட்ரிக்கல் கடை என்று எங்கு பார்த்தாலும் இன்று வயர் இல்லாத இயர்பட்ஸ் விற்பனையாகிறது. விற்ற சரக்கு திரும்பி வருவதும் இதில் அதிகம். கொண்டு வருகிறவர் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: "என் போன் வேற கம்பெனி, இது வேற கம்பெனி. சேர மாட்டேங்குது." மொத்தக் கடைக்கு வந்து சேரும் அந்தப் பெட்டிகளைச் சோதித்துப் பார்த்தால் பலவற்றில் எந்தப் பழுதும் இருப்பதில்லை. விற்கும்போது சொல்லிக் கொடுக்காததே குறை.

இதனால் வரும் நஷ்டத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஜோடியின் அடக்க விலை 900 ரூபாய், விற்பனை விலை 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காதில் போட்டுப் பார்த்த சரக்கைப் புதுச்சரக்கு என்று இன்னொருவருக்கு விற்க முடியாது; விற்கவும் கூடாது. போனோடு சேரவில்லை என்பதைப் பழுதாகக் கம்பெனியும் ஏற்காது. ஒரு ஜோடி முடங்கினால் அந்த 900 ரூபாயை மீட்க இன்னும் 9 ஜோடி விற்க வேண்டும். ஆகவே கல்லாவில் உட்காருகிறவரும் கடைப் பையனும் இந்தப் பாடத்தை அறிந்திருப்பது அவசியம்.

எல்லோருக்கும் பொதுவான மொழி

நம் சங்கரன்கோவில் தல வரலாறு அனைவரும் அறிந்ததே. சிவன் பெரியவரா, திருமால் பெரியவரா என்று சங்கன், பதுமன் என்ற இரு நாக அரசர்கள் வாதிட்டார்கள். கோமதி அம்மன் தவமிருக்க, இருவரும் ஒன்றே என்று காட்டச் சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்தது. அதுவே ஆடித்தபசு. போன் வியாபாரத்திலும் ஐபோன் பெரிதா, ஆண்ட்ராய்டு பெரிதா என்ற வாதம் தினமும் நடக்கிறது. ஆனால் இரண்டுக்கும் உள்ளே இருக்கும் ப்ளூடூத் ஒன்றுதான்.

ப்ளூடூத் என்பது எந்த ஒரு போன் கம்பெனிக்கும் தனிச் சொத்து அல்ல. ஸ்வீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1994-ல் இதற்கான வேலை தொடங்கியது. 1998-ல் எரிக்சன், நோக்கியா, ஐ.பி.எம்., இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்தும் கூடி ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தின. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் ப்ளூடூத் என்ற மன்னரின் பெயரையே இதற்கு வைத்தார்கள். பிரிந்து கிடந்தவர்களை அவர் ஒன்று சேர்த்தது போல், வேறு வேறு கம்பெனிக் கருவிகளை இது ஒன்று சேர்க்க வேண்டும் என்பது எண்ணம்.

பாட்டுக் கேட்பதற்கும் போன் பேசுவதற்கும் தனித்தனி பொது விதிமுறைகள் இதில் உண்டு. பாட்டை அனுப்புவதற்கு எஸ்.பி.சி. என்ற முறை எல்லோருக்கும் கட்டாயம். எனவே எந்தக் கம்பெனி இயர்பட்ஸ் ஆனாலும், எந்தக் கம்பெனி போன் ஆனாலும், பாட்டுக் கேட்கலாம், பேசலாம். வாடிக்கையாளரிடம் இதை உறுதியாகச் சொல்லலாம்.

எது சேரும், எது சேராது?

அடிப்படை வேலை சேரும். கம்பெனிகள் மேலே சேர்த்திருக்கும் தனி வசதிகள் சேராமல் போகலாம். இந்த ஒரு வரியை மனதில் வைத்தால் பாதிப் பாடம் முடிந்தது. இனி வகை வகையாகப் பார்ப்போம்.

1. ஆப்பிள் ஏர்பாட்ஸ், ஆண்ட்ராய்டு போன்: பாட்டும் பேச்சும் கிடைக்கும். மூடியைத் திறந்ததும் திரையில் படம் தோன்றித் தானே இணைவது கிடையாது. பாட்டரி அளவு ஐபோனில் தெரிவது போல் தெரியாது. காதிலிருந்து கழற்றினால் பாட்டு தானே நிற்பதும் கிடையாது. உள்ளே இருக்கும் மென்பொருளைப் புதுப்பிக்க ஆப்பிள் கருவி ஒன்று வேண்டும்.

2. சாம்சங் கேலக்ஸி பட்ஸ், வேறு கம்பெனி ஆண்ட்ராய்டு போன்: பிளே ஸ்டோரில் கேலக்ஸி வேரபிள் செயலியை இறக்கிக்கொண்டால் பெரும்பாலான வசதிகள் கிடைக்கும். சாம்சங்குக்கே உரிய உயர்தர ஒலி முறையும், ஒரு சாம்சங் கருவியிலிருந்து இன்னொன்றுக்குத் தானே மாறும் வசதியும் சாம்சங் போனில்தான்.

3. சோனி முதலிய உயர்விலைச் சரக்கு: சோனியின் எல்டாக் என்ற உயர்தர ஒலி முறை 2017-ல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் ஆண்ட்ராய்டில் உண்டு. ஐபோனில் எல்டாக்கும் இல்லை, ஆப்ட்எக்ஸும் இல்லை, ஏ.ஏ.சி.யும் எஸ்.பி.சி.யும்தான். பெட்டியில் எல்டாக் என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி ஐபோன்காரரிடம் கூடுதல் விலை பேசுவது சரியாகாது.

4. போட், நாய்ஸ் போன்ற நம் நாட்டுச் சரக்கு: இவர்கள் ஸ்மார்ட்போன் விற்பதில்லை. ஆகையால் ஒரு கம்பெனி போனுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்த வேண்டிய தேவை இவர்களுக்கு இல்லை. வீட்டில் அப்பாவுக்கு ஒரு கம்பெனி போன், மகனுக்கு வேறு கம்பெனி போன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்கத் தகுந்த வகை இது.

தனி வசதிகள் சேராததற்குக் காரணம் எப்போதும் தொழில்நுட்பம் அல்ல. கம்பெனியின் வியாபார முடிவும் உண்டு. அருகில் கொண்டு வந்ததும் இணையும் வசதி உட்படப் பலவற்றைப் பிற கம்பெனிக் கருவிகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்று 2025 மார்ச் மாதத்தில் ஐரோப்பிய ஆணையம் ஆப்பிளுக்கு உத்தரவிட்டது இதற்குச் சான்று.

விற்கும் முன் மூன்று கேள்விகள்

ஒன்று, "என்ன போன் வைத்திருக்கிறீர்கள்?" இரண்டு, "எதற்காக வாங்குகிறீர்கள்? பேசவா, பாட்டுக்கா, விளையாட்டுக்கா?" மூன்று, "ஒரே போனா, இரண்டு போனா?"

விளையாட்டுக்கு என்றால் படத்துக்கும் சத்தத்துக்கும் இடையே சிறு தாமதம் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேமிங் மோட் உள்ள மாடலைக் காட்டுங்கள். இரண்டு போனை ஒரே நேரத்தில் இணைக்க வேண்டும் என்றால், அந்த வசதி எல்லா மாடலிலும் இல்லை. பெட்டியைப் பார்த்து உறுதி செய்யுங்கள். பேசும்போது ஒலியின் தரம் பாட்டில் இருப்பதை விடக் குறைவாகத் தெரிவது இயல்பு, அது பழுதல்ல.

கடையிலேயே இணைத்துக் கொடுங்கள்

பெட்டியைக் கையில் கொடுத்துக் காசை வாங்கிக்கொண்டால் வியாபாரம் முடிந்துவிடாது. ஐந்து நிமிடம் செலவிட்டு, வாடிக்கையாளர் கண் முன்னே இணைத்துக் காட்டுங்கள்.

முதலில் இயர்பட்ஸை வெளியே எடுத்து, சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பல மாடல்களில் இருக்கும். அதை உரிக்காமல் பெட்டிக்குள் வைத்தால் சார்ஜ் ஏறாது. "ஒரு காது மட்டும் கேட்குது" என்று திரும்பி வருவதில் இந்தத் தாளுக்கும் பங்கு உண்டு.

பிறகு மூடியைத் திறந்து வையுங்கள். பெரும்பாலான மாடல்களில் விளக்கு மின்னத் தொடங்கும். போனில் செட்டிங்ஸ் சென்று ப்ளூடூத்தைப் போட்டு, புதிய கருவி தேடச் சொல்லுங்கள். பெட்டியில் அச்சிட்ட பெயர் திரையில் வரும். அதைத் தொட்டால் இணைந்துவிடும். ஏர்பாட்ஸ் என்றால் மூடியைத் திறந்து, பெட்டியின் பின்புறப் பொத்தானை வெள்ளை விளக்கு மின்னும் வரை அழுத்த வேண்டும். ஏர்பாட்ஸ் 4 போன்ற புதிய மாடல்களில் பொத்தான் கிடையாது. விளக்கு எரியும்போது பெட்டியின் முன்பக்கத்தை இருமுறை தட்ட வேண்டும்.

ஒரு பாட்டு, ஒரு போன் அழைப்பு இரண்டையும் கேட்கச் செய்து அனுப்புங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன் அனுப்பிய ஏர்பாட்ஸைக் கொண்டு வந்து, "என் சாதா போன்ல இது பேசுமாய்யா?" என்று கேட்கும் பெரியவர்கள் நம் ஊர்ப் பக்கம் உண்டு. நம் கடையில் வாங்காத சரக்கானாலும் இணைத்துக் கொடுங்கள். அவர் அடுத்த முறை கவர் வாங்கவோ சார்ஜர் வாங்கவோ வேறு கடைக்குப் போக மாட்டார்.

திரும்பி வந்தால் என்ன செய்வது?

முகம் சுளிக்காமல் வாங்கி, வரிசையாகப் பாருங்கள்.

1. இரண்டு பட்ஸும் பெட்டியும் சார்ஜில் இருக்கின்றனவா?

2. வீட்டில் இருக்கும் இன்னொரு போனோடு முன்பே இணைந்திருக்கிறதா? அந்தப் போனில் ப்ளூடூத் போட்டிருந்தால் இயர்பட்ஸ் தானாக அங்கே ஓடிவிடும். அதை அணைக்கச் சொல்லுங்கள்.

3. போனில் பழைய பதிவை நீக்கிவிட்டுப் புதிதாக இணைத்துப் பாருங்கள்.

4. அதற்கும் சரியாகவில்லை என்றால், பெட்டியோடு வரும் குறிப்புத்தாளில் உள்ளபடி ரீசெட் செய்யுங்கள். முறை மாடலுக்கு மாடல் மாறும். குறிப்புத்தாளை எறிய வேண்டாம் என்று விற்கும்போதே சொல்லுங்கள்.

5. கடையில் இருக்கும் வேறு ஒரு போனில் இணைத்துப் பாருங்கள். அதிலும் வேலை செய்யவில்லை என்றால் மட்டுமே சரக்கில் பழுது என்று கொள்ளலாம். அப்படியானால் தயங்காமல் மாற்றிக் கொடுத்து, பழுதை எழுதி மொத்தக் கடைக்கு அனுப்புங்கள்.

சட்டம் சொல்வது

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சடித்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் கொடுக்காமல் இருப்பதும் அவ்வாறே. இல்லாத வசதியை இருப்பதாகச் சொல்லி விற்பதும் அதில் அடங்கும். ஆகவே "எல்லா போனிலும் எல்லா வசதியும் கிடைக்கும்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள்.

கொள்முதல் செய்யும்போது பெட்டியில் பி.ஐ.எஸ். குறியும், 'ஆர்' எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உண்மை தெரிந்துவிடும். அதிகபட்ச விற்பனை விலை, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், மாதம், ஆண்டு ஆகியவையும் இருக்க வேண்டும்.

பெரிய கம்பெனிப் பெயரில் மிகக் குறைந்த விலைக்கு வரும் சரக்கைத் தொடவே வேண்டாம். ஐபோனில் படம் தோன்றுகிறது என்பதால் அது அசல் ஆகிவிடாது. போலிகளும் அப்படித் தோன்றும்படி செய்யப்படுகின்றன. வெளுத்ததெல்லாம் பாலா? போலி வணிகக் குறியுள்ள பொருளை விற்பவருக்கு 1999-ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டப்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் உண்டு. முறையான பில்லோடு வரும் சரக்கே நமக்குக் காப்பு.

பழைய லைட்னிங் சார்ஜ் துளை உள்ள சரக்கை மலிவு என்று அள்ளிக் குவிக்கவும் வேண்டாம். 2024 டிசம்பர் 28 முதல் ஐரோப்பிய நாடுகளில் புதிதாக விற்பனைக்கு வரும் போன், இயர்பட்ஸ் ஆகியவற்றுக்கு டைப்-சி கட்டாயம். ஆப்பிளும் 2023-லேயே அதற்கு மாறத் தொடங்கிவிட்டது. இனி ஓடப்போவது டைப்-சி சரக்கே.

ஆன்லைனில் வாங்குகிறவருக்குப் பெட்டி வீடு தேடி வரும். ஆனால் எதிரே உட்கார்ந்து இணைத்துக் காட்ட ஆள் வராது. நம் கடைக்கு இருக்கும் பலம் அதுதான். "பாட்டும் பேச்சும் கிடைக்கும், இந்த இந்த வசதி உங்கள் போனில் கிடைக்காது" என்று முதலிலேயே சொல்லி விற்ற சரக்கு திரும்பி வருவது அபூர்வம். இப்பகுதியைக் கத்தரித்துக் கடையில் ஒட்டி வைத்து, வேலைக்கு இருக்கும் பிள்ளைகளையும் படிக்கச் சொல்லுங்கள்.