தலையில் பெயரில்லாத கிதார்

அன்புள்ள தம்பிக்கு,

மதிப்பிட உன்னிடம் வந்த கிதாரின் படங்களை நன்றாகப் பார்த்தேன். தலையில் பெயர் இல்லை. உள்ளே லேபிள் ஒட்டியிருந்த தடம் மட்டும் தெரிகிறது. மேற்பலகை வீங்கியிருக்கிறது, அதைச் சூடேற்றி அழுத்தித் தட்டையாக்கிப் புதுப் பாலிஷ் போட்டால் என்ன விலை போகும் என்று கேட்டிருக்கிறாய். விலை பிறகு. முதலில் கம்பிகளைத் தளர்த்திக் கிதாரைப் பெட்டியில் வை. கிளாம்பைத் தொடாதே, பாலிஷ் டப்பாவைத் திறக்காதே.

அந்த மேற்பலகை வீங்கிப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. செய்தவர்களே அப்படி வளைத்துச் செய்திருக்கலாம்.

அப்படிச் செய்த கார்ல் லார்சன், ஆகஸ்ட் லார்சன் என்று இரண்டு சகோதரர்கள் சிகாகோவில் இருந்தார்கள். ஸ்வீடனிலிருந்து குடியேறியவர்கள். 1900இல் மௌரர் என்ற இசைக்கருவி நிறுவனம் அவர்கள் கைக்கு வந்தது. எல்ம் தெருவில் இருந்த பட்டறையில் பெரும்பாலும் இருவருமாகவே வேலை செய்தார்கள். 1944இல் ஆகஸ்டும் 1946இல் கார்லும் காலமானார்கள். அத்தனை ஆண்டுகளில் செய்த கிதார், மாண்டலின், ஹார்ப் கிதார் எதையும் லார்சன் என்ற பெயரில் அவர்கள் விற்கவில்லை. மௌரர், ப்ரெய்ரி ஸ்டேட், யூஃபோனான் என்ற பெயர்களில் விற்றார்கள். மில்வாக்கியின் ஸ்டால், செயிண்ட் பாலின் டையர் போன்ற வணிகர்களுக்குச் செய்து கொடுத்தபோது அவரவர் லேபிளை ஒட்டினார்கள். கிதார் கலைஞர் மைக்கேல் ஹெட்ஜஸ் வாசித்த ஹார்ப் கிதாரில் டையர் என்று இருக்கும். செய்த கை லார்சன்களுடையது. அதனால் இந்த வகைக் கிதாரில் லேபிளைத் தேடி ஆரம்பிப்பவன் வழி தவறுவான். உடலைப் படி.

ஒரு சிறு விளக்கும், பல் மருத்துவர் வைத்திருக்கும் கண்ணாடியும் எடுத்துக்கொள். ஒலித்துளை வழியாக உள்ளே விட்டு, மேற்பலகையின் அடியில் அதைத் தாங்கி ஓடும் மரச் சட்டங்களை, அதாவது பிரேஸ்களை, பக்கவாட்டில் பார். வெளிர் நிற ஸ்ப்ரூஸ் மரத்துக்கு நடுவே கருப்பாக ரோஸ்வுட் பட்டை ஒன்று, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே ஜாம் தடவியதுபோல, நீளமாக ஓடுகிறதா? அப்படியானால் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொள். இந்த அடுக்குப் பிரேஸுக்கு ஆகஸ்ட் 1904இல் காப்புரிமை பெற்றார். மேற்பலகையையும் பின்பலகையையும் லேசாக வளைத்து, முறுக்கேறிய நிலையில் ஒட்டுவது அவர்கள் முறை. அந்த நாளில் கிதார்கள் பெரும்பாலும் குடல் தந்திக்காகவே செய்யப்பட்டன. பெரிய கிதார் நிறுவனமான மார்ட்டினே எஃகுக் கம்பிக்கென்று ஒரு மாடலை வழக்கமாகச் செய்யத் தொடங்கியது 1922இல்தான். லார்சன்கள் அதற்கு வெகு முன்பே எஃகின் இழுவையை மனதில் வைத்துப் பலகையை இழைத்தார்கள். நீ தட்டையாக்க நினைத்த அந்த வளைவுதான் அவர்களுடைய கண்டுபிடிப்பு. அதை அழுத்தினால் பிரேஸ் ஒட்டு விட்டுப்போகும், குரலும் போய்விடும்.

வளைவு இயல்பானதா, கம்பி இழுத்து வந்த வீக்கமா என்பதைக் கண்ணால் மட்டும் தீர்மானிக்காதே. நேர்விளிம்புப் பட்டை ஒன்றை மேற்பலகையின் குறுக்கே பல இடங்களில் வைத்துப் பார். செய்த வளைவு பலகை முழுவதும் சீராக இருக்கும். இழுத்து வந்த வீக்கம் பிரிட்ஜுக்குப் பின்னால் மேடாகவும் ஒலித்துளைப் பக்கம் பள்ளமாகவும் இருக்கும். பிறகு அதே பட்டையை ஃப்ரெட்களின் மேல் நீளவாக்கில் வை. அதன் நுனி பிரிட்ஜின் உச்சியைத் தொட்டால் கழுத்தின் கோணம் சரி. கீழே முட்டினால் கழுத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். பழைய கிதாருக்கு அது சாதாரண வைத்தியம். நன்றாகச் செய்தால் விலையைக் குறைக்காது.

அடுக்குப் பிரேஸ் இல்லை என்றால் லார்சன் இல்லை என்றும் முடிவு கட்டாதே. எளிய மாடல்களில் சாதாரணப் பிரேஸ்தான். ஆனால் அப்போது உன் சந்தேகம் கூட வேண்டும். அதே சிகாகோவில் லயன் அண்ட் ஹீலி, ரீகல், ஹார்மனி தொழிற்சாலைகள் கிதார்களைக் குவித்தன. சியர்ஸ் நிறுவனம் 1916இல் ஹார்மனியையே வாங்கித் தன் அஞ்சல் விற்பனைப் பட்டியல் வழியாக ஊர் ஊராக அனுப்பியது. பெயரில்லாத பழைய கிதார்களில் பெரும்பாலானவை அந்த வகைதான். அவையும் நல்ல கிதார்களே. விலைதான் வேறு.

உடலுக்குள் கழுத்தடியிலிருந்து வால் கட்டை வரை உலோகக் கம்பியோ குழாயோ ஓடினால் யாரோ முட்டுக் கொடுத்த வேலை என்று நினைத்துப் பிடுங்கிவிடாதே. ப்ரெய்ரி ஸ்டேட்டின் அடையாளமே அதுதான். வாசிப்பவர் கேட்டதைச் செய்து கொடுத்தவர்கள் லார்சன்கள். விசித்திரமாக ஏதாவது கண்ணில் பட்டால் பிற்காலத்து ஒட்டுவேலை என்று ஒதுக்குமுன் பசையைப் பார், கருவித் தடத்தைப் பார், அழுக்கு ஒரே வயதில் படிந்திருக்கிறதா என்று பார்.

மரத்தைப் பற்றி உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை ஈட்டி மரத்தைத் தொட்டு வளர்ந்தவன் நீ. லார்சன்களுடைய உயர்ந்த கிதார்கள் பிரேசில் ரோஸ்வுட்டில் செய்யப்பட்டவை. கருங்கோடுகள் சிலந்தி வலைபோலக் குறுக்கும் நெடுக்கும் ஓடும். நம் ஈட்டி பெரும்பாலும் ஊதா கலந்த நேர்கோடு. மார்ட்டின் 1969இல் பிரேசில் மரத்தை விட்டு நம் ஈட்டிக்கு மாறியது. ஆகவே 1930களின் அமெரிக்கக் கிதாரில் நம்மூர் ஈட்டி தெரிந்தால், அந்தப் பலகை எப்போது வந்தது என்று கேள். இன்னொன்று: பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முறையான சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்ட முடியாது. வெளிநாட்டு விலையைச் சொல்லி உரிமையாளரின் ஆசையைக் கிளப்புமுன் இதைச் சொல்லிவிடு.

இனி விலை. புற ஊதா விளக்கின் கீழ் முழு உடலையும் பார். பிற்காலத்தில் பூசிய வார்னிஷ் வேறு நிறத்தில் காட்டிக்கொடுக்கும். பழைய பூச்சைச் சுரண்டிப் புதிதாகப் பூசிய கிதாருக்குப் பாதி விலைதான் என்பது வணிகர்களின் பொதுக் கணக்கு. நீ போட நினைத்த பாலிஷின் உண்மையான செலவு அதுதான். ட்யூனிங் கீ மாற்றப்பட்டிருந்தால் பழைய திருகு ஓட்டைகள் சொல்லும். பிரிட்ஜ் மாறியிருந்தால் அதன் ஓரத்தில் பழையதன் நிழல் தெரியும். ஒழுங்காக ஒட்டிய விரிசல் பெரிய குறையில்லை. சிறிய உடலைவிடப் பெரிய உடலுக்கு இன்றைய வாசிப்பாளர்கள் அதிகம் கொடுக்கிறார்கள்.

கடைக்காரர் கேட்கும் விலையை விலை என்று எழுதாதே. விற்றுமுடிந்த விலைகளை மட்டும் எடுத்துக்கொள். காப்பீட்டுக்கான மதிப்பு, வாசிப்பவர் நேரடியாகத் தரும் விலை, வணிகர் வாங்கும் விலை மூன்றும் மூன்று எண்கள். எதை எழுதுகிறாய் என்று மதிப்பீட்டுச் சீட்டில் தெளிவாகப் போடு. உறுதியில்லாத இடத்தில் "லார்சன் வேலையாக இருக்கலாம்" என்று மட்டும் எழுது. கார்லின் பேரன் ராபர்ட் கார்ல் ஹார்ட்மன் எழுதிய நூல்களைத் தேடிப் பிடித்து, படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு அந்த "இருக்கலாம்" நிற்குமா என்று முடிவு செய்.

கடைசியாக ஒன்று, இதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. கண்ணாடியில் அந்தக் கருப்புப் பட்டை தெரிந்தால் உரிமையாளரிடம் அன்றே சொல். சொல்லாமல் நீயே வாங்க நினைக்காதே. உண்மையாகவே வேண்டுமென்றால், முதலில் அவர் வேறொருவரிடம் மதிப்பிட்டுக்கொள்ளட்டும். அந்தச் சீட்டைப் பார்த்தபின் விலை பேசு. உள்ளே எடுத்த படங்களை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்