ஒரு கைப்பிடி அசோலா

பிறர் வளவில் கொட்டில் போட்டு இருப்பவர்கள் மேய்ச்சலுக்கு நிலம் கேட்க முடியாது. கோழிக்கு நாள்தோறும் தீன் வாங்கவும் கையில் காசு இராது. ஆனால் இரண்டு பாய் விரிக்கும் அளவு நிழலான இடத்தை வளவுக்காரரிடம் கேட்கலாம். அந்த அளவு இடத்தில் வளரும் ஒரு சின்னஞ்சிறு செடியைப் பற்றி இப்பாடத்தில் பார்ப்போம். அதன் பெயர் அசோலா.

அசோலா என்பது என்ன?

இது நீரில் மிதக்கும் ஒரு பன்னம். பூவும் இல்லை, காயும் இல்லை. ஒரு செடி உடைந்து இரண்டாகி, இரண்டு நான்காகிப் பெருகும். இதன் இலைக்குள் இருக்கும் சிறு குழியில் நீலப்பச்சை அல்கா ஒன்று குடியிருக்கிறது. அது காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. செடி அதற்கு இருப்பிடம் கொடுக்கிறது. இதனால்தான் யூரியா இடாமலே அசோலா செழிக்கிறது.

ஓர் எச்சரிக்கை. நம் குளங்களையும் வயல்களையும் மூடிக் கெடுக்கும் சல்வீனியாவும் ஒரு நீர்ப் பன்னமே. அது 1939இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. சல்வீனியாவின் இலை நகத்தளவு அல்லது அதற்கும் பெரிது. மேலே மயிர் இருக்கும். அசோலாவின் இலைகள் மிகச் சிறியவை. மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். ஐயமிருந்தால் தெரிந்தவரிடம் காட்டிய பின்னரே எடுங்கள். அசோலாவையும் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்ட வேண்டாம்.

குழி அமைக்கும் முறை

1. அரை நிழலான இடத்தில் 2 மீற்றர் நீளம், 2 மீற்றர் அகலம், ஒரு சாண் ஆழத்தில் குழி வெட்டி அடியை மட்டப்படுத்துங்கள். வெட்ட அனுமதி இல்லாவிட்டால் கல்லை அடுக்கி வரம்பு கட்டலாம்.
2. ஓட்டையில்லாத தறப்பாளை விரித்து ஓரங்களுக்குப் பாரம் வையுங்கள்.
3. அரித்த மண் 10 முதல் 15 கிலோ வரை பரப்புங்கள்.
4. சாணம் 2 கிலோவை 10 லீற்றர் நீரில் கரைத்து ஊற்றுங்கள். ரி.எஸ்.பி. இரண்டு தேக்கரண்டி சேருங்கள்.
5. நான்கு அங்குல உயரத்துக்கு நீர் விடுங்கள். இதற்கு ஏறத்தாழ 400 லீற்றர் வேண்டும். உவர் நீர் ஆகாது.
6. அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை அசோலாவைத் தூவி, மேலே மெதுவாக நீர் தெளியுங்கள்.

பத்துப் பதினைந்து நாளில் குழி மூடிவிடும். அதன்பின் நன்கு வளரும் குழியில் நாளொன்றுக்கு 500 கிராம் வரை அள்ளலாம்.

பராமரிப்பு

ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கிலோ சாணமும் ஒரு தேக்கரண்டி ரி.எஸ்.பி.யும் கரைத்து விடுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை நீரில் காற்பங்கை மாற்றுங்கள். வெளியேற்றும் நீர் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நல்ல பசளை. செடி சிவந்தால் வெயில் கூடிவிட்டது அல்லது பொசுபரசு போதவில்லை என்று பொருள். கிடுகால் நிழல் கொடுத்துப் பாருங்கள்.

நாம் முதலில் விட்ட தவறு, இன்னும் தடிக்கட்டும் என்று அள்ளாமல் காத்திருந்தது. நெருக்கத்தில் அடிச்செடி அழுகி, குழி முழுவதும் நாறிப்போயிற்று. அசோலாவை நாள்தோறும் அள்ள வேண்டும். எடுக்க எடுக்கத்தான் அது வளரும்.

செடி மூடாத நீரில் நுளம்பு பெருகும்; இரண்டு மூன்று கப்பி மீன்களை விடுங்கள். தவழும் பிள்ளைகள் உள்ள இடத்தில் குழியைச் சுற்றிக் கட்டாயம் வேலி அடையுங்கள்.

எவ்வளவு பயன்?

அசோலா எல்லாத் தீனையும் ஈடுசெய்யும் என்று சொல்வோரை நம்ப வேண்டாம். பச்சை அசோலாவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரே. அரைக் கிலோவில் கிடைக்கும் புரதம் ஏறத்தாழப் பத்துக் கிராம். ஒரு முட்டையில் ஆறு கிராம் அளவில் உண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். ஆகவே இது துணைத் தீன் மட்டுமே. சாண மணம் போகக் கழுவி, வழக்கமான தீனுடன் கலந்து, சிறிது சிறிதாகப் பழக்குங்கள். ஒரு குழி ஏழெட்டுக் கோழிகளுக்குத் துணையாகும். கறவை மாட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ வேண்டுமாதலால் மூன்று நான்கு குழிகள் தேவைப்படும். அயலவர் சேர்ந்தால்தான் அது இயலும்.

வித்தைக் காப்பாற்றுதல்

வட வியட்நாமில் நெல் வயலுக்கு அசோலா இடுவது நெடுங்கால வழக்கம். கடும் வெப்ப காலத்தில் அது அழிந்துபோகும். அதை அழியவிடாமல் காக்கும் முறையை லா வான் போன்ற சில ஊரார் மட்டுமே அறிந்து, இரகசியமாக வைத்திருந்தனர். பருவம் வந்ததும் மற்ற ஊரார் அவர்களிடம் சென்று விலைக்கு வாங்கினர். பயிரிடுவதைவிட வித்தைக் காப்பதே பெரிய வேலை என்பதை இது காட்டுகிறது.

நமக்கும் சித்திரை, வைகாசி வெயிலே சோதனை. அப்போது ஒரு பழைய சட்டியிலோ தொட்டியிலோ கொஞ்சத்தை மர நிழலில் தனியே வையுங்கள். இன்னொரு பங்கை வேறொரு வீட்டில் கொடுத்து வையுங்கள். மாரியில் உங்கள் குழி நிரம்பி வழிந்து எல்லாம் போனாலும், அங்கிருந்து ஒரு கைப்பிடி திரும்பி வரும். மறுபடியும் இடம் மாற நேர்ந்தால் ஈரச் சாக்கில் கட்டிக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் தாங்கும். காணியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. இதைக் கொண்டுபோகலாம். லா வான் ஊரார் மறைத்ததை நாம் மறைக்காமல் பகிர்ந்துகொள்வோம்.

குழுவாகச் சிந்திக்க

1. நமது கொட்டில்களுக்கு அருகே கோடையிலும் நல்ல நீர் எங்கே கிடைக்கும்? நாள்தோறும் ஒன்றிரண்டு வாளி ஊற்றுவது யார் பொறுப்பு?
2. நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மாட்டுக்கு அசோலா வளர்த்தால், பாலை எப்படிப் பங்கிடுவோம்?
3. வித்தை எந்த மூன்று வீடுகளில் வைப்போம்?