கனெக்ட் என்று வந்தால் போதுமா?

சாமளாபுரம்,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள அம்மணிக்கு,

போன வாரம் நீ கேட்டுவிட்டுப் போன கேள்வி இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "மோடம் கனெக்ட்னு சொல்லிருச்சுங்க ஐயா. ஆனா சாயப்பட்டறைத் தண்ணி மீட்டர் கணக்கு ராத்திரி முழுக்கப் போகவே இல்லீங்க" என்றாய். அந்தச் "சொல்லிருச்சு" என்ற வார்த்தைதான் என்னை உறுத்துகிறது. யார் சொன்னது, எதைப் பற்றிச் சொன்னது என்று நீ யோசிக்கவே இல்லை.

மோடம் சொன்னதை அப்படியே நம்புவது பழைய நோய். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அப்புறம் சில வருஷங்களில் திருப்பூர்ப் பனியன் கம்பெனி ஆபீஸ்களுக்கும் டயல்-அப் மோடம் வந்து சேர்ந்தது. கீச்சென்று கத்தி, கரகரவென்று இரைந்து, சத்தம் அடங்கியதும் "நெட் வந்துருச்சு" என்பார்கள். வந்திருக்காது. எதிர்முனை மோடம் 2100 ஹெர்ட்ஸில் ஒரு பதில் ஒலி கொடுக்கும்; பிறகு இரண்டு மோடமும் லைனின் தரத்தை அளந்து ஒரு வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். நாம் கேட்டது அதைத்தான். அதுவரை பாஸ்வேர்டு சரிபார்க்கப்படவில்லை, கம்ப்யூட்டருக்கு ஐ.பி. முகவரியும் கிடைக்கவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு அந்தக் கவலையெல்லாம் கிடையாது. எதிர்முனை எடுத்ததுமே போன் கட்டண மீட்டர் ஓடும். பாஸ்வேர்டு தப்பானாலும் அந்தக் காசு போனதுதான்.

அந்த நாளில் நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில், திரையின் மூலையில் இரண்டு கம்ப்யூட்டர் படம் மின்னுவதை நம்பி, சாம்பிள் விவரம் போய்விட்டது என்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன். காலையில் பார்த்தால் மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடந்தது. அதற்கப்புறம் அந்தப் படத்தை நான் நம்பியதில்லை.

சத்தத்தை நம்பக் கூடாது என்பதற்கு நம் ஊர்த் தறியைப் பார். நாடாவுக்குள் இருக்கும் தாரில் நூல் தீர்ந்தாலும் நாடா ஓடும். தடதட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். துணி மட்டும் வளராது. அதற்காகத்தான் குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தொட்டுப் பார்க்க ஒரு சின்ன முள் வைத்திருக்கிறார்கள். ஊடை குறுக்கே கிடந்தால் அது முள்ளைத் தள்ளிச் சாய்க்கும், தறி ஓடும். ஊடை இல்லையென்றால் முள் சாயாது. அதன் மறுமுனைக் கொக்கி மாட்டித் தறி நின்றுவிடும். மோட்டார் ஓடுகிறதா என்று அந்த முள் பார்ப்பதே இல்லை. அடுத்த தடவை தறிக்குடோனுக்குப் போனால் பத்து நிமிஷம் குனிந்து அதை மட்டும் கவனி. உன் காலேஜ் பாடத்தில் இல்லாதது அங்கே இருக்கிறது.

மோடம் லைனில் இரண்டு முனைகளும் பேசிக்கொள்ளும் முறையான பி.பி.பி.யிலும் இப்படி ஒரு முள் உண்டு. அதன் விதிகளைச் சொல்லும், 1994 ஜூலையில் வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1661-ஐ பிரின்ட் எடுத்து, ராத்திரி விளக்கடியில் கதைப்புத்தகம் போலப் படித்தவன் நான். அதில் எக்கோ ரிக்வெஸ்ட் என்று ஒன்று வரும். "இருக்கிறாயா" என்று இந்த முனை கேட்கும், அந்த முனை "இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அதோடு நிற்கவில்லை. மேஜிக் நம்பர் என்று ஒவ்வொரு முனையும் தனக்கென ஓர் எண்ணைப் பொறுக்கி வைத்துக்கொள்ளும். பதிலில் உன் எண்ணே திரும்பி வந்தால், லைன் எங்கோ மடங்கி உன் குரலே உனக்குக் கேட்கிறது என்று அர்த்தம். எழுதியவர்கள் எவ்வளவு தூரம் சந்தேகப்பட்டிருக்கிறார்கள் பார்!

இப்போது உன் மோடத்துக்கு வருகிறேன். சிம் போட்ட மோடத்தில் *99# டயல் செய்கிறாய். அங்கே பெரும்பாலும் பி.பி.பி. மோடத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கனெக்ட் என்பதும், எக்கோவுக்கு வரும் பதிலும் உன் மேஜைமேல் இருக்கும் பெட்டியே சொல்வது. டவருக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று அதிலிருந்து தெரியாது. முள் இருக்கிறது, ஆனால் ஊடை இல்லாத இடத்தில் மாட்டியிருக்கிறது.

சர்வர் பதில் சொல்கிறதா என்று பிங் போட்டுப் பார்க்கலாமா என்பாய். பல சர்வர்கள் பிங்குக்குப் பதில் தராது. ரீசார்ஜ் தீர்ந்துபோனால் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் சிம் கம்பெனியின் ரீசார்ஜ் பக்கமே வரக்கூடும். உன் புரோகிராம் அதையும் பதில் என்று எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 10 ஒரு சின்ன ஃபைலைக் கேட்டு, அதில் எழுதியிருக்க வேண்டிய வரி அப்படியே வருகிறதா என்று பார்ப்பது இதனால்தான். நீயும் அப்படிச் செய். கணக்கு எந்தச் சர்வருக்குப் போக வேண்டுமோ அதையே கேள். ஒவ்வொரு கணக்குக்கும் வரிசை எண் போட்டு அனுப்பு. சர்வர் அந்த எண்ணைத் திருப்பிச் சொல்லும்வரை மீட்டரிலிருந்து அழிக்காதே.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஊரைத் தாண்டிப் போகும் நொய்யல்தான் திருப்பூரில் சாயத்தைச் சுமந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அதனால்தான். உன் மீட்டர் கணக்கு அந்தத் தண்ணீரின் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை வரும்போது லாக்கை முழுசாகக் கொண்டு வா. கனெக்ட் வந்த நேரம், முகவரி கிடைத்த நேரம், சர்வர் வரிசை எண்ணைத் திருப்பிச் சொன்ன நேரம் மூன்றும் அதில் தனித்தனியாக இருக்கட்டும்.

அன்புடன்,
உன் வாத்தியார்